மாடி வீட்டுக்கு வந்த போன்



2024 தீபாவளிக்கு 'அமரன்' படம் வந்தபோது என் மகளும் மருமகனும் விழுப்புரத்தில் ஒரு தியேட்டருக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. 2014 ஏப்ரல் 25ல் காஷ்மீரில் ஷோபியான் பகுதியில் தீவிரவாதிகளோடு நடந்த சண்டையில் உயிரை விட்டவர். அடுத்த வருஷம் குடியரசு தினத்தில் அவருடைய மனைவி இந்து, அசோக சக்ரா விருதை வாங்கியதை டி.வி.யில் பார்த்தே கண் கலங்கியவள் நான். தியேட்டரில் கேட்க வேண்டுமா? பக்கத்து சீட்டில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள், "அழாதீங்க"ன்னு எனக்குச் சொல்லிக்கொண்டே அவரும் விசும்பிக் கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், "ஏம்மா இவ்ளோ அழுத?" என்று மகள் கேட்டாள். "படம் அப்படி" என்று சொல்லி வைத்தேன். நான் அழுதது படத்துக்காக மட்டும் இல்லை. பல வருஷமாக நெஞ்சில் ஒரு முள். அதை அவளிடம்கூடச் சொன்னது கிடையாது. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

1999. விழுப்புரத்தில் எங்களுக்குக் கீழும் மேலுமாக ஒரு சின்ன வீடு. மாடியில் ஒரு ராணுவ வீரரின் மனைவி, நாலு வயசுப் பையனோடு குடியிருந்தாள். அவள் கணவர் பீரங்கிப் படைப் பிரிவில் டிரைவர். மாமியார் திண்டிவனம் பக்கத்து கிராமத்தில். பையன் படிப்புக்காக இவள் மட்டும் டவுனுக்கு வந்திருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவள். "அக்கா, அக்கா" என்று அப்படி ஒட்டிக்கொள்வாள்.

வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர் உண்டு. வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் இருப்பதால் அதற்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். அந்த மாதிரி ஊரில் ஒருத்திக்குக் கடுதாசி வரவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரிக்கு அது என்ன வேதனை என்று சொல்லாமலே தெரியும். எங்கள் தெருவில் அப்படி இல்லை. பால்காரர், வாத்தியார், ரயில்வே ஊழியர், மளிகைக்கடைக்காரர் என்று இருந்த தெருவில் 'மிலிட்டரிக்காரர் வீடு' அது ஒன்றுதான். அவள் எதற்குக் கவலைப்படுகிறாள் என்பதே எங்களில் பாதிப் பேருக்குப் புரியாது.

அந்தக் காலத்தில் பி.பி. நம்பர் என்று ஒன்று இருந்தது, நடுவயசு தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். போன் இல்லாத வீட்டுக்காரர்கள், பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து அதற்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதிக் கொள்வார்கள். எங்கள் நம்பர்தான் அவளுக்கு பி.பி. வந்த போனுக்கு நமக்கு ஒரு பைசா செலவில்லை. ஓடிப்போய்க் கூப்பிட்டு விட வேண்டும், அவ்வளவுதான். அவர் காஷ்மீரில் முகாமுக்குப் பக்கத்தில் இருந்த எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று பேசுவார். ராத்திரி பத்து, பதினொன்றுக்கு மேல்தான் எஸ்.டி.டி. கட்டணம் நாலில் ஒரு பங்காகக் குறையும். அதனால் அவர் போன் எப்போதும் நாம் கண்ணசரும் நேரத்தில்தான் அடிக்கும்.

மே மாதம் மூணாவது வாரம். மாமியாருக்கு நாலு நாளாக ஜுரம். வீட்டுக்காரருக்கு விடியற்காலை டியூட்டி. என் பெண்ணுக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் ஆகியிருந்தது. ராத்திரி பதினொன்றரைக்கு போன் அடித்தது. எடுத்தால் அவர். "அக்கா, நல்லா இருக்கீங்களா? கொஞ்சம் அவளைக் கூப்பிடறீங்களா?" என்றார்.

நான் செய்ய வேண்டியிருந்தது என்ன? கதவைத் திறந்து, பதினாறு படி ஏறி, ஒரு குரல் கொடுக்க வேண்டும். அது என்னால் முடியவில்லை என்றுகூடச் சொல்ல மாட்டேன். மனசு வரவில்லை. "அவ தூங்கிட்டாளேப்பா. நாளைக்குப் பண்ணுங்களேன்" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம், "சரிக்கா. பரவால்லக்கா. சொல்லிடுங்க" என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வைத்து விட்டேன்.

மறுநாள் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மே 26ஆம் தேதி கார்கிலில் நம் விமானங்கள் குண்டு போட ஆரம்பித்து விட்டதாகச் செய்தி. அதுவரைக்கும் கார்கில் என்ற பெயரையே நான் கேட்டதில்லை. திராஸ், பட்டாலிக், டோலோலிங் என்று வாயில் நுழையாத பெயர்கள் எல்லாம் எங்கள் தெருக் குழாயடியில் அடிபட ஆரம்பித்தன. நம் நாடு டி.வி.யில் பார்த்த முதல் போர் அதுதான். மே 29ல் பட்டாலிக்கில் நம் திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் வீரமரணம் அடைந்தார். அவருடைய உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பெற்ற தாய் அந்த ஒரு மாதத்தை எப்படிக் கடத்தினார்களோ!

மாடியில் இருந்தவள் தினமும் காலையில் வந்து, "போன் ஏதாவது வந்துச்சாக்கா?" என்று கேட்பாள். "இல்லம்மா" என்பேன். அந்த ஒரு ராத்திரி வந்ததை மட்டும் சொல்லவே இல்லை. முதல் நாள் சொல்லியிருக்கலாம். தள்ளிப் போட்டேன். போர் என்று தெரிந்த பிறகு எந்த வாயால் சொல்வது?

எங்கள் தெரு அந்த நாட்களில் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மளிகைக்கடைக்காரர் அவள் கணக்கு நோட்டை எடுத்து உள்ளே வைத்து விட்டார். "மணியார்டர் வரும்போது வரட்டும்மா, இப்ப சாமான வாங்கிட்டுப் போ" என்றார். எதிர் வீட்டு ரிக்‌ஷாக்காரர் பையனைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்குக் காசு வாங்க மறுத்தார். 'நாட்டுக்காக' என்றெல்லாம் அவருக்குப் பேசத் தெரியாது. "அந்தப் பக்கமாத்தானம்மா போறேன்" என்பார். உண்மையில் அவர் போக வேண்டியது வேறு பக்கம்!

இன்னொரு ரகமும் இருந்தது. "டி.வி.யில செத்தவங்க பேரு போட்டாங்களே, பாத்தியா?" என்று அவளிடமே போய்க் கேட்ட அம்மாளும் எங்கள் தெருதான். அக்கறை என்று நினைத்துக்கொண்டு அரிவாளால் வெட்டுகிறவர்கள் இவர்கள். அவள் எங்கள் வீட்டுக்குள் காலடி வைத்தால் நான் டி.வி.யை நிறுத்தி விடுவேன். ஒன்றும் செய்தி தெரியாதவர்களாகப் பழைய படக் கதை பேசுவோம். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரர் அலுவலகத்தில் கார்கில் நிதிக்கு ஒரு நாள் சம்பளம் கொடுத்தார்கள். என் பெண் தன் மண் உண்டியலை உடைத்துப் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுத்தாள். நானும் பெருமையாகத்தான் பார்த்துக் கொண்டிருந்தேன். அன்று ராத்திரி படுக்கும்போதுதான் சுருக்கென்றது. காசு கொடுத்தோம் சரி. அந்த மனுஷன் என்னிடம் காசா கேட்டார்? பதினாறு படி ஏறச் சொன்னார்.

மறுநாளே எலக்ட்ரீஷியனை அழைத்து, நீளமாக ஒயர் இழுத்து, போனை மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு முக்காலி மேல் வைத்தேன். இனிமேல் எந்நேரம் அடித்தாலும் அவளே எடுக்கட்டும், யார் காதிலும் விழாமல் பேசட்டும் என்று. மாமியார், "ஊருக்கெல்லாமா போன் வாங்கின?" என்று முணுமுணுத்தார். ஆனால் இரண்டாவது நாள் பார்த்தால், ஜுரம் விட்ட உடம்போடு பாயைக் கொண்டுபோய் மாடிப்படிக்குக் கீழே விரித்துப் படுத்திருக்கிறார்! "நீங்கள்லாம் அசந்து தூங்கிடுவீங்க. எனக்குத்தான் தூக்கமே வர்றதில்லியே" என்றார். அதற்கப்புறம் அவரைப் பற்றி யார் குறை சொன்னாலும் நான் விட்டதில்லை.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் இருந்த என் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். மனசு கேட்காமல் அம்மாவிடமும் பாதிதான் சொன்னேன். அம்மா 1962 சீனப் போர் கதையை எடுத்தார். அப்போது அவர் பள்ளி மாணவி. ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னுவது என்று டீச்சர் கம்பளி நூலும் ஊசியும் கொண்டுவந்து கொடுத்தாராம். திண்டிவனத்து வெயிலில் கம்பளி நூல்! மார்கழிப் பனியைத் தவிர வேறு குளிர் தெரியாத பெண்கள், கை வேர்க்க வேர்க்கப் பின்னியிருக்கிறார்கள். "நான் பின்னினதுல ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. எந்தப் பிள்ளை போட்டுக்கிட்டானோ, என்னைத் திட்டியிருப்பான்" என்று அம்மா சிரித்தார்.

பாதுகாப்பு நிதிக்கு நாடு முழுவதும் பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்த நேரம் அது. எங்கள் பாட்டி தன் ஜோடி வளையலில் ஒன்றைக் கொடுத்து விட்டு, மிச்சம் ஒன்றைச் சாகும்வரை போட்டிருந்தார். "ஏன் ஒத்தை வளையல்?" என்று யாராவது கேட்டால், "இன்னொண்ணு சீனாக்காரன்கிட்ட சண்டைக்குப் போயிருக்கு, வந்துடும்" என்பாராம். 1965ல் பிரதமர் சாஸ்திரி, வாரம் ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கள் என்று கேட்டுக்கொண்டபோது, எங்கள் பாட்டி வீட்டில் திங்கட்கிழமை ராத்திரி அடுப்பு மூட்டவில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் மத்தியான சோறு கொஞ்சம் எடுத்து வைப்பாராம்.

1971 போரில் குஜராத்தில் பூஜ் விமானத்தளத்தின் ஓடுபாதையைப் பாகிஸ்தான் குண்டு போட்டுப் பிளந்தபோது, பக்கத்து மாதாபர் கிராமத்துப் பெண்கள் சுமார் 300 பேர் ராப்பகலாக உழைத்து 72 மணி நேரத்தில் அதைச் சீர்செய்து கொடுத்தார்கள். எதிரி விமானச் சத்தம் கேட்டால் புதருக்குள் ஓடி ஒளிந்து, சங்கு ஊதியதும் திரும்ப வந்து வேலை பார்த்திருக்கிறார்கள். இதைப் பின்னால் படித்தபோது எனக்கு என் பதினாறு படிதான் ஞாபகம் வந்தது.

சரி, கதைக்கு வருகிறேன். போன் நின்று 24 நாள் ஆயிற்று. ஜூன் மாதம் ஒரு சாயந்திரம், ஏழு மணி இருக்கும். அவள் மாமியார் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்து தட்டுத் தடுமாறித் தெருவில் நுழைகிறார். கிழவியைத் தனியாகப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஆடவில்லை. அவர் மாடியை அண்ணாந்து பார்த்து, "எம்மா, கண்ணு! கடுதாசி வந்துக்கீது!" என்று ஒரு சத்தம் போட்டார். தெருவே வெளியே வந்து விட்டது.

அவர் வழக்கம்போல் தாயார் விலாசத்துக்கே எழுதியிருக்கிறார். ராணுவத்தில் இருப்பவரின் கடிதத்தில் ஊர்ப்பெயர் இருக்காது, கவனித்திருக்கிறீர்களா? அவருடைய நம்பர், பதவி, படைப்பிரிவு, கீழே '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்று மட்டும் இருக்கும். முன்னது டெல்லி வழியாகவும் பின்னது கல்கத்தா வழியாகவும் ராணுவத் தபால் துறைக்குப் போகும். ஆள் எங்கே இருக்கிறார் என்று வெளியில் தெரியக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அந்த '56'ஐப் பார்த்ததுமே கிராமத்துத் தபால்காரருக்குப் புரிந்து விட்டது. மற்றக் கடிதங்களை அப்படியே பையில் போட்டுக்கொண்டு நேராக இவர் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார். "படிச்சுக் காட்டட்டுமா ஆயா?" என்று கேட்டதற்கு, "வாணாம்பா, மருமவ பிரிக்கட்டும்" என்று சொல்லி விட்டார் கிழவி. படிக்கத் தெரியாத அந்த அம்மாள், பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல், பிரிக்காத கடிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருக்கிறார். தபால்காரர் வேலை முடிந்த பிறகு அவரை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரை மிதித்துக் கொண்டுவந்து ஏற்றி விட்டாராம். அந்தத் தபால்காரரை நான் பார்த்ததே இல்லை.

எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் கடிதத்தைப் பிரித்தாள். உரக்கப் படித்தாள். நலமாக இருப்பதாகவும், மேலே குண்டு ஏற்றிக்கொண்டு போகும் வண்டி ஓட்டுவதாகவும், குளிரில் கை மரத்துப் போவதாகவும், பையனை அடிக்கக் கூடாது என்றும் எழுதியிருந்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு இடம் வந்ததும் நிறுத்தினாள். கண் மட்டும் கீழே இறங்கியது. பிறகு வேறு வரியிலிருந்து தொடர்ந்து படித்தாள். எனக்கு அடிவயிறு கலங்கிப் போயிற்று. அந்த வரியில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? 'போன் பண்ணினேன், நீ தூங்கி விட்டாயாம்.' அவள் என்னைக் கேட்பாள் என்று அன்று முழுக்கக் காத்திருந்தேன். கேட்கவில்லை.

ஜூலை 26ல் போர் முடிந்தது. நம் வீரர்கள் 527 பேர் திரும்பி வரவில்லை. இவர் வந்தார். டிசம்பரில் லீவில் வந்தபோது, எனக்கு ஒரு காஷ்மீர் சால்வையும் மாமியாருக்கு அக்ரூட்டும் கொண்டுவந்து கொடுத்தார். அந்தச் சால்வையை நான் போர்த்திக்கொண்டதே இல்லை.

அப்புறம் அவருக்கு வேறு ஊர் மாற்றலாகி, குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு போனார். ஓய்வுபெற்றுத் திண்டிவனத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள். பையனும் ராணுவத்தில் சேர்ந்து விட்டான். பொங்கல், தீபாவளிக்குப் போனில் பேசிக்கொள்வதோடு சரி.

அன்றிலிருந்து நான் செய்வது பெரிதாக ஒன்றும் இல்லை. டிசம்பர் 7 கொடிநாள். 1949லிருந்து நடக்கிறது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் மூன்றும் முப்படைக்கு. உண்டியல் நீட்டும் பிள்ளைகளிடம், 'கட்டாய வசூலா?' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கொடுக்கவும் வேண்டாம், முகமும் சுளிக்க வேண்டாம் என்பேன் நான். போரில் ஊனமுற்றவர்களுக்கும், உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கும், முன்னாள் வீரர்களுக்கும் போகிற பணம் அது.

அதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது நவம்பர் மாதம். எங்கள் தெருவில் ஒரு பாட்டியம்மா, ராணுவ வீரரின் விதவை. வருஷா வருஷம் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுத்தால்தான் குடும்ப பென்ஷன் தடையில்லாமல் வரும். விழுப்புரம் 1993ல் தனி மாவட்டம் ஆவதற்கு முன்னால் எதற்கெடுத்தாலும் கடலூருக்கு ஓட வேண்டும். இப்போது முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இங்கேயே இருக்கிறது, செல்போனிலேயே சான்று கொடுக்கவும் வழி வந்து விட்டது. ஆனால் உழைத்துத் தேய்ந்த அந்த விரல் ரேகையை மெஷின் எடுக்க வேண்டுமே! என் மகள் உட்கார்ந்து நாலு முறை, ஐந்து முறை வைக்கச் சொல்லிப் பதிவு செய்து கொடுப்பாள். 'முகத்தைக் காட்டியும் பதியலாம் பாட்டி' என்றால், 'என் மூஞ்சிய யாரு பாக்கப் போறா' என்று வெட்கப்படுவார்.

படம் பார்த்து வந்ததிலிருந்தே திண்டிவனம் போய் அவளிடம் சொல்லி விட வேண்டும் என்று இருந்தேன். ஆறு மாதம் தள்ளிப்போட்டேன். 2025 மே மாதம் எல்லையில் மறுபடி சண்டை மூண்டது. நாலு நாளில் அது ஓய்ந்த அடுத்த வாரமே பஸ் ஏறி விட்டேன்.

போனதும் காபி கொடுத்தாள். மருமகள் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே மருமகள் செல்போனில் வீடியோ கால் வந்தது. மகன்தான். நாலைந்து நாளாக போனே இல்லாமல் இருந்து, அப்போதுதான் சரியாகப் பேச முடிகிறதாம். நானாக இருந்தால் பிள்ளை முகத்தைப் பார்க்கப் பாய்ந்திருப்பேன். இவள் எழுந்து, குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, புருஷனையும் "வாங்க, அந்தத் தென்னைக்குத் தண்ணி கட்டணும்" என்று கூப்பிட்டு, என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்து கதவைச் சாத்தினாள்.

"உன் புள்ளைய நீ பாக்க வேணாமா?" என்றேன்.

"அதுங்க பேசி முடிக்கட்டும்க்கா. மிச்சம் இருந்தா நமக்கு" என்றாள்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. அவர் தென்னை மரத்தடிக்குப் போனதும் எல்லாவற்றையும் சொன்னேன். பதினொன்றரை மணி, மாமியார் ஜுரம், அவ தூங்கிட்டா என்று சொன்னது, 24 நாள், எல்லாம். "அந்தக் கடுதாசியில ஒரு வரிய விட்டுட்டுப் படிச்சியே, அன்னிக்கே உனக்குத் தெரியும்தானே?" என்றேன்.

அவள் குழந்தையின் வாயைத் துடைத்தாள். "கடுதாசியில அது இல்லக்கா. புருஷன் பொண்டாட்டி சமாசாரம், அதான் விட்டுட்டேன்" என்று சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "போன் அடிச்சப்பவே எழுந்துட்டேன். அவர் மணின்னா எனக்குத் தெரியாதா? பாதிப்படி எறங்கிட்டேன். நீங்க சொன்னது காதுல விழுந்துச்சி. கதவத் தட்டலாமான்னு நின்னேன். வீட்டுல எல்லாருக்கும் உடம்பு சரியில்ல... உங்க வீட்டு போனாச்சேக்கா. அப்படியே மேல போயிட்டேன்."

"கேட்டிருக்கலாமேடி! தினமும் வந்து 'போன் வந்துச்சா'ன்னு கேட்டியே, ஒரு நாளாவது..."

"நீங்களே சொல்லுவீங்கன்னுதான் கேட்டேன்" என்றாள்.

உள்ளேயிருந்து மருமகள், "அத்தே, உங்களக் கூப்பிடறாரு" என்று குரல் கொடுத்தாள். குழந்தையை என் கையில் கொடுத்து விட்டு அவள் ஓடினாள்.

- ஒரு வாசகி, விழுப்புரம்.